குதைபியாவில் நான்கு நிமிடம்

ஊருக்கு அனுப்பியது போக,
மெஸ் காசு போக, கட்டில் வாடகை போக,
மிஞ்சியது நாற்பத்தைந்து தினார்.

கித்தார் ஏற்கெனவே இருக்கிறது.
ஹோட்டல் ஒன்றில் ஏசி பார்க்கப் போனபோது
பேண்டுக்காரர்கள் கழித்துப் போட்டது.
மூன்றாவது திருகு இல்லை.
கேஸ் வால்வின் பித்தளை மூடியை மாட்டியிருக்கிறேன்.
திருகினால் திரும்புகிறது, போதும்.

மனாமா கடையில் சிவப்பு ஆம்ப் ஒன்றை
இரண்டு வெள்ளிக்கிழமை தொட்டுப் பார்த்தேன்.
ஆம்ப் வாங்கினால் மைக் வேண்டும்
மைக் வாங்கினால் ஸ்டாண்டு வேண்டும்
ஸ்டாண்டு நிற்கத் தரை வேண்டும்.
எங்கள் அறையில் தரை என்பது
கட்டில்களுக்கு நடுவே ஒரு தொழுகைப் பாயின் அகலம்.
அது ஐந்து வேளையும் மைதீன் பாயுடையது.

கடைக்காரப் பையன் சொன்னான்:
"இன்டர்ஃபேஸ் எடுங்க அண்ணே.
நேரா லேப்டாப்புக்குள்ள போயிடும்.
ஹெட்போன் மாட்டிக்கிட்டா
பக்கத்துல இருக்கவனுக்கு ஒண்ணும் கேக்காது."
ஒன்றும் கேட்காமலிருக்க ஐம்பத்திரண்டு தினாரா
என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.
வெயில் செருப்பு வழியாக ஏறியது.

பழையது ஒன்று ஜுஃபைரில் கிடைத்தது.
ரோடெலியோ. விசா ரத்து, வியாழன் இரவு விமானம்.
முப்பது என்றார். இருபத்தைந்து என்றேன்.
சொன்ன பிறகுதான் பார்த்தேன்
அவர் பின்னால் ஒரு பெட்டி
கைத்தராசில் தொங்கிக்கொண்டிருந்தது,
இரண்டு கிலோ அதிகம்.
"சரி, இது போனால் ஒரு கிலோ குறையும்" என்று சிரித்தார்.
கெயின் திருகில் நகப்பூச்சால் ஒரு புள்ளி.
"என் கைக்கு இவ்வளவுதான்.
தாண்டினால் சிவப்பு எரியும்.
உன் கைக்கு நீயே பார்த்துக்கொள்."

ஹெட்போன் பன்னிரண்டு. கேபிள் நாலு.
(கேபிளில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது,
இது என் தொழில் சொல்லிக்கொடுத்தது.)
மென்பொருள் இலவசம், பொறுமை என்னுடையது.
மீதி நாலு தினாருக்கு
அறைக்கு முழுக்கப் பரோட்டா, சால்னா.
லஞ்சம்தான்.

மாட்டினேன்.
ம்ம்ம்ம்ம்ம்.
கம்பியைத் தொடுமுன்பே பாடத் தொடங்கியிருந்தது கட்டடம்.
எனக்குத் தெரியும் இந்தக் குரலை.
ஐம்பது ஹெர்ட்ஸ், கெட்ட எர்த்து,
பகல் முழுதும் அடுத்தவர் வீடுகளில்
இதை அடக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன்.
சார்ஜரைப் பிடுங்கினேன், பாதி குறைந்தது.
டியூப் லைட்டை அணைத்தேன், இன்னும் கொஞ்சம்.
மிச்சப் பாதி
சுவரில் மாட்டியிருந்தது, ஒன்றரை டன்.

ஆகஸ்டில் ஏசியை நிறுத்தச் சொல்ல
ஒரு மனிதனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!
நைட் டூட்டி முடித்துப் படுத்திருந்த பரந்தாமன்
போர்வைக்குள்ளிருந்தே ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
குணசீலன் பரோட்டாவை நினைவூட்டினான்.
நீண்ட பேச்சுவார்த்தை.
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து மைதீன் பாய் வந்த பின்,
நான்கு நிமிடம். ஒரு நொடி கூடாது.

நிறுத்தினோம்.
இந்த அறையில் இப்படியொரு அமைதி இருந்ததை
மூன்று வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
குழாய் சொட்டியது. யாரோ வயிறு உறுமினார்கள்.
நான் வாசித்தேன்.
என் காதுக்குள் ஒரு மைதானமே திறந்துகொண்டது.
அவர்களுக்குக் கேட்டதோ
டிக் டிக் டிக், சுவரில் பல்லி போல.
"இதுக்கா ஏசிய நிறுத்துன?"

நெற்றி வேர்வை வால்வு மூடியில் விழுந்து வழுக்கியது.
ரோடெலியோவின் புள்ளிக்குக் கீழேயே
என் சிவப்பு எரிந்தது ஒரு தடவை.
என் கை கொஞ்சம் முரடு.

பிறகு ஹெட்போன் கட்டில் கட்டிலாகப் போனது,
காதுமெத்தை நால்வர் வேர்வையில் நனைந்து.
யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.
குணசீலன் இரண்டாம் முறை கேட்டான், அவ்வளவுதான்.
மூன்று நிமிடம் ஐம்பத்தோராம் நொடியில் ஒரு 'டக்'.
பரந்தாமன் தாங்காமல் சுவிட்சைத் தட்டிய இடம்.
அதற்கப்புறம் அந்த ம்ம்ம்ம்.
அதை வெட்டலாம். வெட்டவில்லை.

மைதீன் பாய் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.
"முடிவுல வர்றது என்னப்பா?"
"நம்ம கம்ப்ரசர்."
ஹெட்போனைக் கழற்றி,
துடைத்து, என்னிடம் தந்தார்.
"சர்வீஸ் பண்ணணும் போலயே."