பதினான்கு நொடி

வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தலைப்பை அறிவித்தார்கள்:
தாமதம்.
ஒரு நிமிடத்துக்கு மிகாமல் படம்,
நடிகர்கள் எல்லோரும் பொம்மைக் கட்டைகள்,
ஞாயிறு நண்பகலுக்குள் நூலகத்தில் சேர வேண்டும்.
போன மாதமே எடுத்து வைத்ததல்ல என்பதற்குச் சாட்சியாக
எங்காவது ஒரு பச்சைப் பல்துலக்கி தெரிய வேண்டும்.

பல்துலக்கி இருந்தது.
இருட்டுதான் இல்லை.

ஜூன் மாதத்து ஓலுவில்
இரவு பெயருக்குத்தான் இரவு.
பதினொன்றரைக்கும் சன்னலில் வெயில்.
ஒரு மேகம் நகர்ந்தால் போதும்,
என் பிளாஸ்டிக் ரயில் நிலையத்தில்
நான்கு விடியல், மூன்று அந்தி
எல்லாம் ஒரே நொடிக்குள்.
போர்வை கட்டிப் பார்த்தேன்.
போர்வைக்கு ஓரங்கள் இருக்கின்றன.

எங்கள் கட்டடத்தில் சன்னலே இல்லாத ஒரே அறை
அடித்தளத்துச் சவுனா.
கதவில் பட்டியல் தொங்கும்:
யார் வீட்டுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி.
என் முறை வெள்ளி ஏழு முதல் எட்டு.

மேல் பலகையில் தண்டவாளம் போட்டேன்.
நிலைய அதிகாரிக்கு மீசை பாதி தேய்ந்துவிட்டது.
முகத்தில் சிரிப்பை அச்சடித்து விட்டார்கள்,
ரயில் வராவிட்டாலும் அவர் சிரிக்க வேண்டியதுதான்.
பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றுகிற விரல்
அவர் கழுத்தை ஒரு மயிரிழை திருப்பும்,
விலகும்,
க்ளிக்.
மறுபடி அந்த விரல்.
ஒரு குறிலைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று படம் ஓடிவிடும்.
அந்த மூன்றுக்கு எனக்குப் பத்து நிமிடம்.

எட்டு மணி ஆனதை நான் கவனிக்கவில்லை.
வெள்ளி எட்டு மணிக்காரர்கள் ஊரில் இல்லை போலும்.
சனி காலையும் யாரும் வரவில்லை.

சனி நாலு மணிக்குக் கதவைத் திறந்தார் தெர்வோனன்.
தோளில் வெள்ளைத் துண்டு, கையில் பிர்ச் இலைக் கட்டு.
"கல் ஏன் சில்லென்று இருக்கிறது?"
"சூடேற்றினால் இவர் உருகிவிடுவார்."
அவர் அதிகாரியைப் பார்த்தார்.
அதிகாரி அவரைப் பார்த்துச் சிரித்தார்.
"இன்னும் எவ்வளவு?"
பொய் சொல்லவில்லை நான்.
"பதினான்கு நொடி."
"சரி, பதினான்கு நொடிதானே" என்று
வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பதினான்கு நொடி என்றால் நூற்று அறுபத்தெட்டுப் படம்.

ஐந்து மணிக்கு லெஹ்முஸ் வீட்டார் நால்வர்.
ஆறுக்கு மூன்றாம் மாடி இரட்டையர்.
எல்லோரும் துண்டோடு,
நடைவழியில் சுவரோரமாக,
எங்கள் ஊர் வழக்கப்படி
ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரு கை தள்ளி, பேசாமல்.
யாரோ தரையை மிதித்ததில் விளக்குக் கம்பம் சரிந்து
இருபது படம் வீணாயிற்று.
குட்டி வென்லா மட்டும் குனிந்து எட்டிப் பார்த்து,
"ரயில் எப்போது வரும்?" என்றாள்.
"இதோ" என்று
பச்சைப் பல்துலக்கியைத் தண்டவாளத்தில் வைத்தேன்,
தூரிகைப் பக்கம் முன்னால்.
வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஏழேகாலுக்கு ரயில் நிலையத்துக்குள் வந்தது.
ஏழரைக்கு அடுப்பில் கரண்ட் ஓடியது.
அன்று யார் முறை யாருக்குப் போனது என்று
இன்றுவரை கணக்குத் தீரவில்லை.

ஞாயிறு மாலை நூலகத்து மாடியில்
ஒன்பது படங்களில் எனக்கு ஆறாம் இடம்.
நடுவர் குறிப்பில் ஒரே வரி:
வெளிச்சம் எங்கும் துடிக்கவில்லை.

முதல் பரிசு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு,
நத்தை ஓட்டிய ஆம்புலன்ஸ்.
நியாயமான தீர்ப்பு, நானும் கைதட்டினேன்.

ஆனால் என் படத்தில், நாற்பத்தாறாவது நொடியில்,
ஒரே ஒரு சட்டகத்தில்
நிலையத்துக் கூரைக்குப் பின்னால்
வெள்ளையாக ஏதோ வந்து போகும்.
எனக்குத் தெரியும். அகற்ற நேரமில்லை.
கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட இல்லை அது.
நடுவர்கள் பார்க்கவில்லை.

மூன்றாம் வரிசையில் தெர்வோனன் எழுந்து நின்று
அரங்கம் முழுக்கக் கேட்கும்படி
"அது என் துண்டு" என்றார்.

அதற்குள் அடுத்த படம் தொடங்கிவிட்டது.