சேத்தாச் சேரும்

கொட்டாஞ்சேனையில் மலை இல்லை.
பனி இல்லை, சேறுகூடக் குறைவு.
எங்கள் ஒழுங்கையின் மொத்த ஏற்றமும்
சந்தியில் கிடக்கும் வேகத்தடை ஒன்றுதான்.
பிறகேன் உனக்கு நாலு சில்லும் இழுக்க வேண்டும்?
இன்சூரன்ஸ்காரர் கேட்டார்.
மேல்மாடி டெல்ரீன்
துணி காயப்போடுகிறபோதெல்லாம் கேட்டாள்.
ரோய்ஸ்டன் கேட்கவில்லை.
டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான்,
தன் தலை நிழலைச் சரியாக
நான் பார்க்க வேண்டிய நட்டின்மேல் விழவிட்டு.

பெற்றோல் இல்லாத அந்த ஜூனில்
நாலு நாள் வரிசையில் தள்ளித் தள்ளிப் போய்
எட்டு லீற்றரோடு வந்த கொரோலா இது.
தள்ளுகிறவள் பின்னால்தான் நிற்பாள்.
அப்போதுதான் பார்த்தேன் பின்சில்லுகளை.
பதினெட்டு வருடமாய் ஒரு வேலையும் செய்யாதவை.
செபமாலைப் பவனியின் வாலில்
வாயை மட்டும் அசைத்து வருகிறவர்களைப் போல
உருண்டுகொண்டிருந்தன.
எனக்குக் கோபம் வந்தது.
காரணம் அவ்வளவுதான்,
எழுதிக் கேட்டாலும் இதையே எழுதுவேன்.

பஞ்சிகாவத்தையில் நௌஃபரின் கடை.
முழுசாய் ஒரு காரும் இல்லை அங்கே,
எல்லாக் காரும் இருக்கிறது.
ஒரு கரிப்பின் கியர்ப்பெட்டி,
பின்னுக்கு விசை பிரிக்கும் பெட்டி அதில் ஒட்டியபடி.
பின்அச்சு மட்டும் ஏதோ ஒரு வானுடையது.
"ரெண்டும் சேருமா நானா?"
"சேத்தாச் சேரும் மிஸ்" என்றார்,
தராசில் ஏற்றாமலே விலை சொல்லி.

தண்டு போக வழி வேண்டுமென்று
பெற்றோல் தாங்கியை இறக்கினோம்.
அடியில் மூன்று லீற்றர்.
முன்வீட்டு விஜித்தவின் முச்சக்கரவண்டிக்கு ஊற்றினேன்.
அன்றிரவு இரண்டு தரம்
பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாராம்.
யாரையென்று அவர் சொல்லவுமில்லை.

பின்னாசனத்தைக் கழற்றி, காப்பெற்றைப் பிய்த்து,
தரையை வெட்டக் கோடு கீறும்போது
கச்சான் கோது, ஒரு ஐம்பது சதம்,
நாலாய் மடித்த பொலிஸ் பதிவுத் துண்டு.
முத்திரை மங்கியிருந்தது, பெயர் மங்கவில்லை.
முன்பு இந்தக் காரை வைத்திருந்தவரின் பெயரல்ல,
எங்களுக்குத் தெரிந்த பெயருமல்ல.
ரோய்ஸ்டன் டோர்ச்சை வேறெங்கோ திருப்பினான்.
வெல்டிங் ஆறிய பிறகு
அதை இருந்த இடத்திலேயே வைத்து
மேலே காப்பெற்றை ஒட்டினேன்.

பதினான்கு மாதம்.
பகலில் துறைமுகத்துக் கிரேன்கள்,
இரவில் இது.
வெல்டிங் பாதியில் கரண்ட் போகும்.
இருட்டில் இரும்பு கொஞ்ச நேரம் சிவப்பாய் இருக்கும்,
அந்த வெளிச்சத்தில்
தேத்தண்ணிக் கோப்பையைத் தேடி எடுப்போம்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்து
நாலு மூலையிலும் கட்டை வைத்து
அந்தரத்தில் நிறுத்தினோம் காரை.
டெல்ரீன் வாளியோடு இறங்கி வந்தாள்.
விஜித்த மகனையும் கூட்டி வந்தார்.
முதலாம் கியர் போட்டு
கிளச்சை மெல்ல விட்டேன்.
சத்தமில்லை, அதிர்வில்லை,
லேத்துக்காரனுக்குக் கோவில் கட்டலாம்.
முன்சில்லுகள் முன்னோக்கிச் சுழன்றன.
பின்சில்லுகள், அதே அழகோடு,
பின்னோக்கி.

முன்னது கண்டிக்கு, பின்னது காலிக்கு.
றோட்டில் இறக்கியிருந்தால்
நின்ற இடத்திலேயே தன்னை இரண்டாய்க் கிழித்திருக்கும்.
விஜித்தவின் மகன்தான் முதலில் கைதட்டினான்,
இப்படித்தான் வரவேண்டும் போல.
ரோய்ஸ்டன் சிரித்துச் சிரித்து
மண்ணிலேயே இருந்துவிட்டான்.

எனக்குத் தெரிந்துவிட்டது.
வானுடைய அச்சில் பல்வட்டம் மற்றப் பக்கம்.
அச்சைத் தலைகீழாய்ப் புரட்டிப் போட வேண்டும்,
வில்லுத் தாங்கிகளை அறுத்து மறுபுறம் ஒட்ட வேண்டும்,
மூச்சுத்துளை கீழே போகும், அடைத்து வேறு துளைக்க வேண்டும்.
மூன்று மாதம். கரண்ட் இருந்தால் இரண்டு.
ஆனாலும் உடனே நிறுத்தவில்லை எஞ்சினை.
இந்தக் கிழமைப் பங்குப் பெற்றோல் எரிய எரிய
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னது இரண்டும் வேலை செய்தன.
பிழையாய், ஆனால் செய்தன.

"இப்படியே விடேன்" என்றான் அவன்.
பதினேழாம் நம்பர் ஸ்பெனரைக் கேட்டேன்.
பத்தொன்பதைத் தந்தான்.