எட்டு

"யாரையும் தோக்கடிக்கச் சொல்லலண்ணே,
கூடல் ஜெயிக்கத்தான் போகுது.
வித்தியாசம் எட்டைத் தொட்டாப் போதும்" என்றான்
குபேந்திரன்,
டவுன்ஹால் ரோட்டில் செல்போன் கவர் விற்கிறவன்.
அவன் நீட்டியது வேறு கவர்.
நான் தொடவில்லை.
இதை எழுதும்போதும் அந்தத் தொடாத விரல்கள் மேல்
எனக்குக் கொஞ்சம் பெருமை இருக்கிறது.
கோளாறு அங்கேதான்.

பகலில் மின்வாரியக் கணக்கெடுப்பு.
செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே,
மீட்டர் பெட்டியைத் திறந்து
உள்ளே என்ன எண் நிற்கிறதோ அதைத்தான் எழுதுவேன்.
"ஐந்நூறைத் தாண்டாமப் பாத்துக்கங்க சார்" என்று
காபியோடு வருவார்கள்.
காபியைக் குடிப்பேன்.
எண் அப்படியே இருக்கும்.

ராத்திரியில் சாம்பல் சட்டை, கறுப்பு ஷூ,
கழுத்தில் விசில்.
அன்றைக்குக் கூடல் அணிக்கும் தூத்துக்குடிக்கும்
ரேஸ்கோர்ஸ் அரங்கத்தில்.
முன்வரிசையில் பாதிப் பேர் பந்தைப் பார்க்கவில்லை.
குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பந்து ரிங்கில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே
அங்கே ஏதோ ஏறியது, ஏதோ இறங்கியது.
யார் ஜெயித்தாலும் கவலையில்லாத கூட்டம்
இவ்வளவு கத்தும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

கடைசி நான்கு நொடி.
கூடல் ஏழு பாயின்ட் முன்னால்.
முடிந்த ஆட்டம்.
ஜெஸ்வின், பதினொன்றாம் எண், அனுப்பானடிப் பையன்,
பந்தை அணைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம்.
இருபது வயது.
கூடையைப் பார்த்து எழும்பினான்.
தூத்துக்குடியின் நெட்டையன்
மணிக்கட்டில் போட்டான் ஓர் அடி.
ஈரத்துணியைக் கல்லில் அறைந்த சத்தம்,
எனக்கு மூன்றடியில்.

ஃபவுல்.
மிட்டாய் விற்கிற பிள்ளையும் சொல்லும்.
இரண்டு ஃப்ரீ த்ரோ. ஜெஸ்வின் தவறவிடுகிறவன் இல்லை.
ஏழும் ஒன்றும் எட்டு.

விசில் பல்லிடுக்கில்தான் இருந்தது.
மூச்சும் நெஞ்சு நிறைய இருந்தது.
ஊதினால் அது குபேந்திரனுக்காக ஊதியதாகிவிடும்,
நாளைக்கு எவனாவது
"வாங்கிட்டான்" என்பான்,
என்று நினைத்து முடிப்பதற்குள்
பஸர் அடித்தது.

ஜெஸ்வின் மணிக்கட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.
கோபமாக இல்லை.
கரண்ட் போனது தெரியாமல்
சுவிட்சை மறுபடி தட்டிப் பார்க்கிறவன் மாதிரி.

மறுகோடியில் நின்ற ஞானமுத்து
உடை மாற்றும் அறையில்
"கடைசியில அந்தக் கை..." என்று ஆரம்பித்தார்.
பிறகு
ஷூ லேஸில் விழாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

யானைக்கல் முனையில் வண்டியை மறித்து
கையெடுத்துக் கும்பிட்டான் குபேந்திரன்.
"ரொம்ப நன்றிண்ணே."
"எதுக்குடா? நான்தான் வாங்கலையே."
"வாங்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமே.
வந்து கேட்டுட்டா
எட்டைத் தொட விடமாட்டீங்கன்னும் தெரியும்.
அதை நம்பித்தான் நாங்க ஏழுக்குள்ள போட்டோம்."
வண்டியை உதைத்துக் கிளப்பினான்.
பாலத்துக்குக் கீழே
நுரை மட்டும் ஒதுங்கிக் கிடந்தது.

பதினெட்டு வருஷம் ஊதியிருக்கிறேன்.
என் நேர்மைக்கு ஒரு விலை உண்டென்று
யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.
அவன் விலை பேசவேயில்லை.
அதன்மேல் பந்தயம் கட்டினான், அவ்வளவுதான்.

ஜெஸ்வினுக்கு மாவுக்கட்டு, ஆறு வாரம்.
ஆடாத வாரத்துக்குச் சம்பளம் கிடையாதாம்.
பார்க்கப் போகவில்லை நான்.
போனால் என்ன சொல்வது?

மறுநாள் செல்லூரில்
ஒரு மீட்டர் ஐந்நூற்று எட்டு காட்டியது.
எழுதினேன்.
எழுதிவிட்டு மறுபடி பெட்டியைத் திறந்தேன்.
ஐந்நூற்று எட்டுதான்.
மூன்றாம் முறை திறந்தபோது
வீட்டுக்கார அம்மா என்ன நினைத்தாரோ,
உள்ளே போய்
பர்ஸை எடுத்துக்கொண்டு வந்தார்.