தோல் ஒட்டியவள்

குறிப்பாணையில் என் பெயருக்குப் பக்கத்தில்
ஓர் ஆங்கிலச் சொல்.
ஹைட்பவுண்ட்.
மற்றதெல்லாம் புரிந்தது:
செயலியில் எண்ணிக்கை ஏறவில்லை,
கட்டபெட்டு மருந்தகம் மாவட்டத்திலேயே கடைசி,
ஏழு நாளில் விளக்கம் தருக.

ஹைட் என்றால் ஒளிவது.
எதை ஒளித்தேன்?
தடுப்பூசிக் குப்பிகளை எண்ணிப் பார்த்தேன்.
பதிவேட்டோடு ஒத்துப்போயின.

கோத்தகிரி பஸ்ஸில் செலின் டீச்சர்
காகிதத்தை வாங்கிப் பார்த்து
"பழசைப் பிடிச்சுக்கிட்டு மாறவே மாறாத ஆள்"னு சொன்னவள்,
ஃபோனில் அகராதியைத் தேடிவிட்டுச் சிரித்தாள்.
"உங்க ஆஸ்பத்திரிச் சொல்தான்டி இது."

இங்கே ஹைட் என்றால் தோல்.
நானூறு வருஷத்துக்கும் முன்னால்
அந்த ஊர் மாட்டுக்காரர்கள் சொன்னது.
தீனி கெட்டு
முதுகோடும் விலாவோடும் தோல் ஒட்டிப்போன மாடு.
பிறகுதான் யாரோ அதை உரித்து
மனுஷன்மேல் போர்த்தியிருக்கிறார்கள்.

எலும்பும் தோலும் என்றால் நமக்கு இரக்கம்.
தோல் தடித்தவள் என்றால் வசை.
இது எதில் சேர்த்தி என்று தெரியாமல்
டானிங்டனில் இறங்க மறந்து
திரும்பி நடந்தேன்.

மறுநாள் நஞ்சன் தன் மாட்டை ஓட்டி வந்தார்.
உறைபனியில் புல் கருகிய தை மாதம்.
விலாமேல் தோலைக் கிள்ளித் தூக்கினேன்.
வரவில்லை.
மழையில் ஊறிக் காய்ந்த தேர்தல் போஸ்டர்போல
அப்படியே பிடித்திருந்தது.

மாட்டை யாரும் திட்டவில்லை.
நஞ்சன்தான் தலையைக் குனிந்துகொண்டு
"தீவனம் விலை ஏறிப்போச்சும்மா" என்றார்.

அன்று ராத்திரி விளக்கம் எழுதினேன்.
குடற்புழு மருந்து ஐப்பசியிலிருந்து வரவில்லை.
தாது உப்பு வரவில்லை.
உதவியாளர் இடம் இரண்டு வருஷமாகக் காலி.
தொட்டுப் பார்க்காத மாட்டுக்கு
ஊசி போட்டதாக ஏற்ற
எனக்குக் கை வரவில்லை.
தாங்கள் எழுதிய சொல் சரியானதே, ஐயா.
எங்கள் பதிவேட்டில் அந்த நோய்க்கு நேராக
மாட்டின் குற்றம் என்று எழுத
கட்டம் கிடையாது.

கடைசி நாலு வரியை அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.
சுருக்குப்பையில் இருந்த சில்லறைக்குத்
தபால்தலை வாங்கினேன்.

பதில் இன்னும் வரவில்லை.
என் சொந்தக் காசில் வாங்கிய புழு மருந்து,
நஞ்சன் எங்கிருந்தோ கொண்டுவந்த காரட் தழை,
இருபத்து மூன்று நாள்.

இன்று காலை பதிவேட்டில்:
நஞ்சன், கறவை, சிவப்பு.
விலாத்தோல் அரை விரல் தூக்குகிறது.
ஒரு விரல் என்று எழுதியிருக்கலாம்.
அரைதான்.