ஒரு விரிப்பு குறைவு

காலை ஆறு மணி. பொயிலர் இருமுகிறது.
செபமாலை அண்ணன் அதன் வயிற்றில் தட்டி
"எழும்படா" என்கிறார்.
ஜன்னலில் மலை இருந்த இடத்தில் மூட்டம்.

ஒன்பதாம் வாட்டு நாற்பத்தி நாலு.
பிரசவ வாட்டு அறுபத்தேழு.
தியேட்டர் பச்சைத்துணி தனி மூட்டை.
அதை அவிழ்க்கும்போது மூச்சடக்க
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை,
மூக்கு தானாகப் படித்துக்கொண்டது.

கறையைப் பார்த்தே வாட்டைச் சொல்வேன்.
மஞ்சள் மருந்து என்றால் சத்திரசிகிச்சை.
கஞ்சி என்றால் வயசாளிகள்.
விரிப்பின் ஓரத்தில்
பிடித்துக் கசக்கிய இடத்தில் மட்டும்
கறுப்பாய் ஐந்து கோடு இருந்தால்
கொழுந்தெடுக்கும் விரல், பிள்ளைப்பேறு.
குளோரினில் மூன்று தரம் போட்டாலும்
அரைவாசிதான் போகும்.

ஒருநாள் தலையணை உறைக்குள் ஒரு பல்செட்.
நாலு வாட்டுக்குப் போன் பண்ணி
சொந்தக்காரரைக் கண்டுபிடித்தோம்.
மாட்டிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி,
"பாண் இருக்கா?"

உலர்த்தும் மெசின் வெசாக்கோடு நின்றது.
கொழும்புக்குக் கடிதம் போனது.
பதில் சிங்களத்தில் வந்தது. குசுமாவதி
முழுக்க வாசித்து முடித்து
கையை மட்டும் விரித்துக் காட்டினாள்.
மொழிபெயர்ப்பு அவ்வளவுதான்.

அதனால் கொரிடோர் நெடுகக் கயிறு.
ஈர விரிப்புகளுக்குக் கீழே
பெரிய டொக்டரும் குனிந்துதான் போகவேண்டும்.
சிற்றூழியர் நாங்கள்
நிமிர்ந்து நின்று கிளிப் குத்துவோம்.

வியாழக்கிழமை எண்ணிக்கை.
போனது இருநூற்றுப் பன்னிரண்டு,
வந்தது இருநூற்றுப் பதினொன்று.
குறைந்தால் கையெழுத்துப் போட்டவள் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
கையெழுத்து என்னுடையது.

அது எங்கே போனதென்று தெரியும்.
செவ்வாய் இரவு, கொட்டும் மழை,
அழாமலே பிறந்த பிள்ளையை
வாங்கிப்போக ஒரு ஆள் வந்தான்.
அவன் கையில் நனைந்த ஜேர்சி மட்டும்.
இரவு அட்டெண்டன் திலகேஸ்வரி
என் அடுக்கில் மேலே இருந்ததை உருவினாள்.
இஸ்திரிச் சூடு ஆறியிருக்கவில்லை.
சுற்றிக் கொடுத்தபோது
அவன் ஒன்றே ஒன்று கேட்டானாம்,
"இதத் திருப்பித் தரணுங்களா?"

கொப்பியில் கிழிசலுக்கு ஒரு நிரல்,
கழிவுக்கு ஒன்று, கருகலுக்கு ஒன்று.
நான் எழுதினேன்:
செவ்வாய், பொயிலர் பக்கம் காயப்போட்டுக் கருகியது, ஒன்று.
ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் செபமாலை அண்ணன்
சாட்சிக்கு ஒப்பம் வைத்துவிட்டு
பொயிலரிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஓவர்சீயர் நிஸ்தார் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"செவ்வாய் முழுக்க
பொயிலர் பத்தவே இல்லையே?"

தண்ணீர் சொட்டும் சத்தம்.
குசுமாவதி ஒரு கிளிப்பை
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவர் பேனையை வாங்கினார்.
செவ்வாயை வெட்டினார்.
திங்கள் என்று எழுதினார்.
பக்கத்தில் சின்னதாய் ஒப்பம்.
"ஓவர்டைம் போர்ம் இன்னும் வரல்ல," என்று
வேறு எதையோ சொல்லிப் போனார்.

பத்தாம் நாள் அந்த ஆள் வந்தான்.
நோர்வூட் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தானாம்.
ஷொப்பிங் பையில் விரிப்பு:
துவைத்து, நாலாய் மடித்து,
அடுப்புக்கு மேல் காயவைத்த புகை மணத்தோடு.
எங்கள் மெசினுக்கு வராத வெள்ளை.
பெயர் கேட்க நினைத்தேன். அதற்குள்
படியிறங்கிவிட்டான்.

இப்போது ஒன்று கூடுதல்.
கூடுதலுக்குக் கொப்பியில் நிரல் இல்லை.
கருகியதென்று எழுதியதை
எந்த முகத்தோடு அடுக்கில் வைப்பது?

திலகேஸ்வரி வாங்கிக்கொண்டு போய்
பிரசவ வாட்டு அலுமாரியின்
மேல்தட்டில், பழைய பைல்களுக்குப் பின்னால் வைத்தாள்.
"எண்ணாதே," என்றாள்.
"மழை இன்னும் மூன்று மாசம் இருக்கு."