ஸ்லோ

ஆறியிருந்தால் நிற்கும். சூடானால் நிற்காது.
என் பழைய மேக்ஸ் வண்டிக்கு வியாதி இதுதான்.
மூக்கையூர் துறையில் முதல் மிதியிலேயே பிடிக்கும்,
பின்னால் பெட்டி நிறைய நண்டு,
ஓட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.
ஆக்ஸிலேட்டரை விடவேண்டியதுதான்,
ஒரு ஆட்டுக்காக, ஒரு வேகத்தடைக்காக,
உடனே யாரோ முறுக்கிய மாதிரி தானாக உறுமி
பொட்டென்று அணையும்.

சிக்கந்தர் ஸ்குரூவைத் திருகினான்.
"ஸ்லோவக் கூட்டி வச்சிருக்கேன்க்கா."
கூட்டி வைத்த ஸ்லோவில் வண்டி
கலியாண வீட்டு மைக்செட்டாய் அலறியது.
மறுநாள் பிளக். அதற்கடுத்த வாரம் காயில்.
மூன்றாம் தடவை போனபோது
"கடக்காத்துக்கா" என்றான்.
சாயல்குடியில் தகரம் முதல் தம்பதி வரை
எல்லா நோய்க்கும் அதுதான் பேர்.

பிறகு நானே கழற்றினேன்.
கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் தேங்கியதை
வெள்ளைத் துணியில் ஊற்றினால்
டேங்குத் துரு, செம்மண் கரைத்தது போல.
பைலட் ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
இருட்டு.
நண்டு வலையில் ஒரு தங்கூசி நரம்பை அறுத்து
நுழைத்து எடுத்தேன்.
எள்ளில் பாதி அளவுக்கு வெயில் வந்தது.
ஏர் ஸ்குரூவை இறுக மூடி
ஒன்றரைச் சுற்று திறந்தேன்.
தீர்ந்தது என்று நினைத்துப் போன அன்றைக்கும்
நின்றது.

நின்ற இடம் விலக்கு ரோடு.
நூறடியில் பிரகாசி வீடு.
கூடப் பிறந்தவள்.
அவள் சங்கிலி என் பேரில் அடகுக் கடையில் கிடக்கிறது,
இரண்டு வருஷமும் நாலு மாதமும்.
சீட்டு வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் இருக்கிறது.

சொல்லிவிடுகிறேன்.
இந்த வியாதியால் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது.
அவள் வாசலில் நின்று கை காட்டினால்
நானும் கை காட்டி, சத்தமாக,
"ஸ்லோ பண்ணா நின்னுரும்டீ!"
என்று போய்க்கொண்டே இருப்பேன்.
ஐஸ் வேன் வேறு காத்திருக்கும்.
ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அன்றைக்கு அவள் வாசலில் இல்லை.
கருவேல நிழலில் மறுபடி மிதித்து
ரேஸ் கொடுத்தபடியே குனிந்து கேட்டேன்.
எங்கோ ஒரு சீத்தல்,
நண்டு வாயில் நுரை வெடிக்கிற சத்தம் அளவுக்கு.
கார்ப்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில்
அந்தக் கறுப்பு ரப்பர்.
உள்ளங்கையால் பொத்தினேன், உறுமல் இறங்கியது.
எடுத்தேன், ஏறியது.
பொத்தினேன், இறங்கியது.
அடிப்பக்கம் விரலுக்கு மட்டும் தெரிகிற இடத்தில்
நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.
சூட்டில் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும்.
பட்டறையில் காலையெல்லாம் ஆறிக் கிடந்துவிட்டு
சிக்கந்தர் முன்னால் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது.

கையை எடுத்ததும் அணைந்தது.
சைக்கிள் டியூப்பில் ஒரு பட்டை,
மூன்று சுற்று, மேலே கட்டுக்கம்பி.
சிக்கந்தர் கூட்டி வைத்ததைக் குறைத்தேன்.
மிதித்துவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் நின்றேன்.
டுக் டுக் டுக்.
இப்போது அணையும் என்று பார்த்தேன்.
டுக் டுக்.
ஒரு மினி பஸ் கடந்து போய் தூசி அடங்கியது.
டுக் டுக் டுக்.

பிரகாசி வந்துவிட்டாள், முழங்கை வரை மீன் செதில்.
"என்ன, நின்னுருச்சா?"
"இல்லடீ" என்றேன். "நிக்கிது."

வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
அவள் கழுத்தில் தாலிக் கயிறு மட்டும்.
பெட்டிக்குள் ஒரு நண்டு
மூடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.
ஐஸ் வேன் இந்நேரம் கிளம்பியிருக்கும்.

சாவியைத் திருப்பினேன்.
இந்தத் தடவை, நானாக.