இரட்டைப் பதிவு

புளியந்தோப்பு, சுகாதாரப் பிரிவு, இரண்டாம் மாடி.
மின்விசிறிக்கு நேர் கீழே என் நாற்காலி.
காகிதம் பறக்கிறதென்று நான் புகார் கொடுத்ததால்
காகிதத்தையே ஒழித்துவிட்டார்கள் என்பான் சுகிர்தன்.

இப்போது எல்லாம் திரைக்குள்.
பிரசவ ஆஸ்பத்திரியின் பட்டியல்,
அங்கன்வாடியின் எடைக்கணக்கு,
தன் காய்ச்சலைத் தானே எழுதிக்கொள்ளும் குளிர்பெட்டி,
வார்டு செவிலியரின் கைப்பேசியிலிருந்து
வந்து விழும் ஊசிகள், ஒவ்வொன்றும் ஒரு பச்சைப் புள்ளி.
நான்கையும் ஒரே கயிற்றில் கோத்திருக்கிறது புது மென்பொருள்.

தடுப்பூசி முகாமில் என் வேலை ஊசி போடுவதல்ல.
ஒருவர் இருவராக எழுதப்பட்டிருந்தால்
ஒருவராக்குவது.

நாளுக்கு இருநூறு.
ஒரே தாய், ஒரே பிறந்த தேதி, ஒரே கைப்பேசி எண்.
தொண்ணூற்றெட்டு சதவீதம் பொருத்தம் என்று
மஞ்சளாய்க் கண்சிமிட்டும் கட்டம்.
இணைக்கவா? என்று கேட்கும்.
ஆமாம் என்பேன்.
காலை டீ வருமுன் முப்பது பிள்ளைகளைக் குறைத்துவிடுவேன்.
மாலைக் கூட்டத்தில் அதற்குப் பெயர் சுத்திகரிப்பு.

செவ்வாய், மணி மூன்றே முக்கால்.
பவளக்கொடி குழந்தை.
பவளக்கொடி குழந்தை.

(பெயர் வைக்குமுன் பதிந்த பிள்ளைக்கெல்லாம்
அம்மா பெயர்தான் பெயர்.
இந்த ஒரு விஷயத்தில் கணினி
அப்பன்மாரைக் கேட்பதில்லை.)

கன்னிகாபுரம், வாரியக் குடியிருப்பு, மூன்றாம் பிளாக்.
ஒன்றில் தட்டம்மை ஊசி போட்டாயிற்று.
மற்றதில் இல்லை.
தொண்ணூற்றொன்பது சதவீதம்.
விரல் ஆமாம் மேல் இருந்தது.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால்
கருணை என்று சொல்ல ஆசைதான்.
நின்றது சர்வர்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
பேசின் பாலத்துப் பக்கம் ஒரு மின்ரயில்
முழுதாகப் போய் முடிந்தது.

அந்த இடைவெளியில்தான் கண்ணில் பட்டது
பிறந்த நேரம் என்று ஒரு பெட்டி.
கட்டாயமில்லை, யாரும் நிரப்புவதில்லை.
ஒன்றில் 4.10.
மற்றதில் 4.17.
அந்த விடியலில், ராயபுரத்தில்,
யாரோ ஒருத்தி கை கழுவிவிட்டு வந்து
நிரப்பியிருக்கிறாள்.

எப்சிபா சிஸ்டரைக் கூப்பிட்டேன்.
படியேறும் மூச்சுதான் முதலில் பேசியது.
"ரெண்டு சார், ரெண்டு!
ஒண்ணு அழுதுக்கிட்டிருந்துச்சு, போட்டேன்.
ஒண்ணு அப்பத்தான் தூங்குச்சு.
எழுப்பாதீங்கன்னு அந்தப் பொண்ணு கும்பிடாத குறை.
நாளைக்கு வரேன்னுட்டு வந்தேன்."

ஆமாம் சொல்லியிருந்தால்
நாளை அவள் பட்டியலில் அந்தக் கதவு இருந்திருக்காது.
வரைபடத்தில் ஒரு பச்சை.
பச்சைக்குப் பின்னால்
தூங்கிக்கொண்டே ஒரு பிள்ளை.

திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், சின்னதாக
இல்லை, வேறு நபர் என்றொரு பொத்தான்.
மூன்று வாரமாய் அழுத்தியதில்லை.
அழுத்தினேன்.
காரணம் எழுது என்றது, நாற்பது எழுத்துக்குள்.
ஏழு நிமிடம் என்று எழுதினேன்.

சுகிர்தன் பையைத் தோளில் மாட்டினான். வரலையா?
நேற்று இணைத்தவற்றைத் திறந்திருந்தேன்.
பிறந்த நேரம்: காலி.
காலி.
காலி.

"சிஸ்டர், மறுபடியும் நான்தான்.
ஒரு பட்டியல் அனுப்புறேன், கொஞ்சம் நீளம்.
ஊசி அப்புறம்.
முதல்ல
தலையை எண்ணிட்டு வாங்க."